எடை கூடியதால்தான் தலைவலியா? – கடிதம்

அன்புள்ள அம்மா,

எனக்கு வயது 39. அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டிலேயே நான்கு விசைத்தறிகள் ஓடுகின்றன. இருபது வயதிலிருந்தே ஒற்றைத் தலைவலி உண்டு. மாதம் இருமுறை வந்தது, இரண்டாவது பிரசவத்துக்குப் பின் 14 கிலோ கூடியதிலிருந்து வாரம் மூன்று முறை வருகிறது. உடம்பைக் குறைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார்கள் வீட்டில். இரண்டு மாதமாகக் காலை உணவை விட்டுவிட்டேன், வலி அதிகமாகிவிட்டது. என் எடைதான் காரணமா?

வாசகி, சேலம்

அன்புள்ள தங்கைக்கு,

முதலில், நாளைக் காலையிலிருந்து சாப்பிடத் தொடங்குங்கள். நேரத்துக்கு உண்ணாமலிருப்பது ஒற்றைத் தலைவலியைத் தூண்டும். ஆடியில் கோட்டை மாரியம்மனுக்கு நான் விரதமிருந்த ஆண்டுகளில், பொழுது சாய்வதற்குள் வலி வந்து இருட்டறையில் படுத்துவிடுவேன்.

இந்த நோய் உங்கள் எடையால் வந்ததன்று. எடை கூடுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அது உங்களிடம் இருந்தது. ஆனால் எடை கூடியவர்களுக்கு வலி வரும் நாட்களும் கூடுவதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. உடற்கொழுப்பு அழற்சியைத் தூண்டும் பொருட்களைச் சுரப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. 12 ஆய்வுகளில் இடம்பெற்ற ஏறத்தாழ 2,89,000 பேரின் விவரங்களைத் தொகுத்து 2017-ல் 'நியூராலஜி' இதழில் வெளியான கட்டுரையில், உடற்பருமன் உள்ளவர்களுக்கு இந்நோய் இருக்கும் வாய்ப்பு, இயல்பான எடையுள்ளவர்களைவிட 27 சதவீதம் கூடுதலாக இருந்தது. எடை மிகக் குறைந்தவர்களுக்கும் அது 13 சதவீதம் கூடுதலாக இருந்தது என்பதையும் உங்கள் வீட்டாருக்குப் படித்துக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலியும் அதிக எடையும் உள்ள பெண்களிடம் நடத்தப்பட்டு 2018-ல் வெளியான ஆய்வில், ஒரு பிரிவினருக்கு எடைக் குறைப்புப் பயிற்சியும் மறு பிரிவினருக்கு நோயைப் பற்றிய விளக்கமும் அளித்தார்கள். எடை குறைந்தது முதற்பிரிவினருக்கு. வலி வரும் நாட்களோ இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன. ஆகவே, வலிக்கு நீங்களே குற்றவாளி என்று யாரும் சொல்ல இடமில்லை. குழந்தைக்காக விழித்த இரவுகளையும், நாள் முழுதும் காதில் விழும் தறிச் சத்தத்தையும் அந்த 14 கிலோவோடு சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். எடையைக் குறையுங்கள், மூன்று வேளையும் அளவாக உண்டு, வெயிலுக்கு முன் மூக்கனேரிக் கரை போன்ற இடத்தில் நடந்து, மெல்லக் குறையுங்கள்.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. தலைவலி வராமல் தடுக்கும் மாத்திரை ஏதேனும் சாப்பிடுகிறீர்களா? புளூனரிசின், அமிட்ரிப்டிலின், வால்புரோயேட் ஆகியவை எடையைக் கூட்டக்கூடும். புளூனரிசின் எடுத்த ஓராண்டில் எனக்கு ஆறு கிலோ கூடியது. மருந்தால் இப்படி நேரலாம் என்று யாரும் சொல்லாததால், அவ்வளவு நாளும் என் நாக்கையே நொந்துகொண்டிருந்தேன். டோபிராமேட் எடையைக் குறைக்கும், ஆனால் கருவுறும் வாய்ப்புள்ளவர்களுக்கு ஏற்றதன்று. எதையும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் கேளுங்கள். சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாட்களுக்குக் குறையாமல் போட்டுக்கொள்பவர்களுக்கு அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். வாரம் மூன்று முறை வலி வரும் நீங்கள், ஒவ்வொரு முறையும் மாத்திரை போட்டால், அந்த எல்லைக்கு அருகில் இருக்கிறீர்கள்.

எடையை நேரடியாகக் குற்றம் சொல்லத்தக்க தலைவலி வேறொன்று உண்டு. எடை கூடிய பெண்களுக்கு மண்டையோட்டுக்குள் நீரழுத்தம் ஏறுவதால் வருவது அது. படுத்தாலோ குனிந்தாலோ வலி கூடுகிறதா, சில நொடிகள் பார்வை மங்குகிறதா, நாடித் துடிப்போடு காதில் இரைச்சல் கேட்கிறதா என்று கவனியுங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் கண் மருத்துவரிடம் சென்று விழியின் பின்புறத்தைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். கவனிக்காமல் விட்டால் பார்வையே போய்விடக்கூடும்.

அன்புடன்.