மாடியில் குளம் வெட்டலாமா?

கேள்வி (பள்ளத்தூர் வாசகி): எங்கள் வீடு அப்பத்தாவின் மாமனார் கட்டியது. முகப்புக்கு மேலே இருக்கும் மாடி அறையில் பெரிய மீன் தொட்டி வைக்க வேண்டும் என்று பதினொன்றாவது படிக்கும் மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், 2 அடி உயரத்தில் ஒரு தொட்டிக்குக் காரைக்குடி கடையில் விலை பேசியாகிவிட்டது. "தொட்டி 70 கிலோதான், தேக்குக் கட்டை தாங்காதா?" என்கிறார் கடைக்காரர். அப்பத்தாவோ "மாடியில குளம் வெட்டப் போறீகளா?" என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: நான் அப்பத்தா பக்கம். கடைக்காரர் சொன்னதும் பொய் இல்லை. 10 மில்லிமீட்டர் கண்ணாடியில் அந்த அளவுத் தொட்டி 65 கிலோவுக்குக் குறையாது. ஆனால் அது காலித் தொட்டியின் எடை. உள்ளளவு 12 கன அடி, ஒரு கன அடிக்கு 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். விளிம்பிலிருந்து இரண்டு அங்குலம் விட்டு ஊற்றினாலும் 310 லிட்டர், அதாவது 310 கிலோ. மணல், கல் வகையில் ஒரு 50, இரும்பு ஸ்டாண்டும் மூடியும் 40 என்று வைத்தால் மொத்தம் 460, 480 கிலோவில் வந்து நிற்கும். 25 கிலோ அரிசிச் சிப்பம் பத்தொன்பதை ஆறு சதுர அடிக்குள் அடுக்கிவிட்டு, வருடக்கணக்கில் எடுக்காமல் விட்டால் எப்படி இருக்குமோ அப்படி.

இப்போது கட்டும் வீடுகளின் அறைகளுக்கு இந்தியத் தர நிர்ணய விதி சொல்லும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ, சதுர அடிக்கு 19 கிலோ போல. உங்கள் தொட்டி நிற்கும் இடத்தில் சதுர அடிக்கு 80 வரும். உடனே பயந்துவிட வேண்டாம். அந்த 19 கிலோ அறை முழுவதற்கும் போடும் கணக்கு. 12-க்கு 10 அடி அறை என்றால் மொத்தம் 2,200 கிலோ ஆகிறது. ஆகவே எத்தனை கிலோ என்பதைவிட, எதன் மேல் நிற்கிறது என்பதுதான் பெரிய கேள்வி.

உங்கள் மாடித் தளம் பெரும்பாலும் மெட்ராஸ் ஒட்டாக இருக்கும். தேக்கு உத்திரங்களை வரிசையாகப் போட்டு, மேலே செங்கலை நிறுத்தி வைத்துச் சுண்ணாம்புச் சாந்தில் கோணலாக அடுக்கி, அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டித்த தளம். கீழே முகப்பில் நின்று அண்ணாந்து பாருங்கள், உத்திரங்கள் எந்தப் பக்கமாக ஓடுகின்றன என்று தெரியும். அவற்றின் முனைகள் எந்தச் சுவருக்குள் போகின்றனவோ, அந்தச் சுவரை ஒட்டித் தொட்டியை நீளவாக்கில் வைத்தால் மூன்று நான்கு உத்திரங்கள் பாரத்தைப் பங்கு போட்டுக்கொள்ளும், அதுவும் சுவருக்குப் பக்கத்திலேயே. அடுத்த சுவரை, அதாவது உத்திரத்துக்கு இணையாகப் போகும் சுவரை ஒட்டி வைத்தால் ஏறக்குறைய முழுப் பாரமும் ஒன்றிரண்டு கட்டைகளின் தலையில் விழும். "சுவரோரமாகத்தானே வைத்தோம்" என்று ஏமாறுவது இங்கேதான்.

அடுத்தது உத்திரத்தின் முனை. பர்மாத் தேக்கு நன்றாக உழைக்கும், மறுக்கவில்லை. ஆனால் மழைநீர் சுவரில் இறங்கும் வீடுகளில், பாதி வருடம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில், சுவருக்குள் புதைந்த முனைதான் முதலில் உளுக்கும். வெளியே பார்க்க வார்னிஷ் பளபளவென்று இருக்கும். ஏணி போட்டு ஏறி, சுவரை ஒட்டிய இடத்தில் திருப்புளியால் அழுத்திப் பாருங்கள். நுனி உள்ளே இறங்கினால், தட்டும்போது 'பொத் பொத்' என்று கேட்டால், கரையான் மண் கோடு தெரிந்தால், தொட்டிப் பேச்சை அத்தோடு விட்டுவிட்டு மரத்தைக் கவனியுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், பழைய கட்டடம் தெரிந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் நேரில் பார்க்காமல் அரை டன்னை மேலே ஏற்ற நான் சம்மதிக்க மாட்டேன்.

இவ்வளவு சொன்னாலும், என் பயம் பாரத்தைவிட ஈரத்தின் மேல்தான். தண்ணீர் மாற்றும்போது சிந்துவது, ஃபில்டர் குழாயில் சொட்டுவது எல்லாம் கல் இடுக்கு வழியாகச் சுண்ணாம்புத் தளத்துக்குள் இறங்கி மரத்தில் போய் நிற்கும். கீழே கறை தெரிவதற்குள் பல மாதம் ஓடியிருக்கும்.

அதனால் என் யோசனை: பெரிய தொட்டியைக் கீழே வளவுப் பத்தியிலோ (முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரம்) பட்டாலையிலோ (கூடம்), நேர் வெயில் படாத மூலையில் வையுங்கள். அங்கே அடியில் கெட்டித்த மண். ஸ்டாண்டின் நான்கு கால்களும் ஆத்தங்குடிக் கல்லில் நேராக ஊன்றாமல் தடித்த பலகை ஒன்றைக் கீழே கொடுங்கள், கையால் வார்த்த சிமென்ட் கல், ஒரே புள்ளியில் அழுத்தினால் விரியும். தொட்டியில் படியும் வெள்ளை உப்புக் கறையைத் துடைக்கிறேன் என்று ஆசிட் ஊற்றி அது தரையில் வழிந்துவிட்டால் கல்லின் பூ போய்விடும். மாடியில்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால் 2-க்கு 1-க்கு 1 அடித் தொட்டி போதும். ஸ்டாண்டோடு சேர்த்து 85 கிலோ, ஓர் ஆள் நிற்கிற கனம். அதற்கும் அடியில் ஒரு தட்டு வையுங்கள். தங்கமீன் மட்டும் வேண்டாம், அதற்கு அந்த இடம் பற்றாது.

எந்த அளவு வாங்கினாலும் முதலில் முற்றத்தில், ரசமட்டம் பார்த்துச் சமமாக வைத்து, நிரப்பி இரண்டு நாள் விடுங்கள். ஒட்டு கசிந்தால் அங்கேயே தெரிந்துவிடும். தண்ணீரோடு தூக்க மட்டும் தூக்காதீர்கள்.

கேள்வி (காரைக்குடி வாசகர்): எங்களுடையது கான்கிரீட் தளம், புது வீடு. மூன்றடித் தொட்டியை மாடி பால்கனியில் வைக்கலாமா?

பதில்: பால்கனியில் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பிடிப்புள்ள தளம், அதன் வெளி ஓரத்தில் நிரந்தரச் சுமை கூடவே கூடாது. போதாக்குறைக்கு வெயிலில் பாசி பிடித்துத் தண்ணீர் பச்சையாகிவிடும். அறைக்குள், கீழ்த்தளத்திலும் நேர் கீழே சுவரோ பீமோ இருக்கும் இடமாகப் பாருங்கள். மாடியில் மட்டும் எழுப்பிய நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் கணக்கில் வராது, அதுவே தளத்துக்கு ஒரு சுமை. நான் வாடகை வீட்டில் அப்படி ஒரு சுவரை நம்பி வைத்தேன். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் தொட்டியில் தண்ணீர் மட்டம் ஒரு முனையில் விரல் அகலம் ஏறி நின்றது. ஓயாத சுமைக்குக் கான்கிரீட்டும் மெல்ல வளையும். தண்ணீரை இறைத்துவிட்டு இடத்தை மாற்றினேன். வைத்த நாளில் தண்ணீர் மட்டத்தைக் கண்ணாடியில் இரண்டு முனையிலும் பேனாவால் கோடு போட்டு வையுங்கள், மாதம் ஒருமுறை பார்த்தால் போதும்.

கேள்வி (தேவகோட்டை வாசகர்): வாங்கிய 12-ஆம் நாள் மீன் தொட்டியின் அடி ஒட்டில் கசிவு. கடையில் கேட்டால் பில்லில் அச்சடித்த "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" வரியைக் காட்டுகிறார்கள்.

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால், 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக முறை என்கிறது. கசியும் இடத்தைத் தேதி தெரிய வீடியோ எடுங்கள். நீங்களே சிலிக்கான் பூசிவிடாதீர்கள், "கை வைத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்பார்கள். ஸ்டாண்ட் சமமாக இருந்ததற்கும் ரசமட்டம் வைத்து ஒரு படம் எடுங்கள், கடைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார். எழுத்தில் கேட்டும் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தின் 1915 எண்ணில் தமிழிலேயே புகார் சொல்லலாம். அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.