இசை கேள்வி - பதில்: வில்கோ காசுக்காகவா மாறியது?

கே: அமெரிக்க ராக் குழுவான வில்கோவின் 'ஏ.எம்.', 'பீயிங் தேர்' ஆல்பங்கள் இரண்டையும் விரும்பிக் கேட்டுவிட்டு 'சம்மர்டீத்' பக்கம் வந்தால் வேறு ஏதோ பாப் குழு மாதிரி இருக்கிறது. கன்ட்ரி (அமெரிக்கக் கிராமிய) இசையின் ஃபிடிலும் ஸ்டீல் கிதாரும் எங்கே போயின? எல்லாம் காசுக்காகத்தானே?
- வாசகர், கோவை

ப: காசுக்காக என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1996-ல் 'பீயிங் தேர்' 19 பாட்டுகளோடு இரண்டு வட்டுகளாக வந்தபோது, ஒரு வட்டின் விலைக்கே விற்கவேண்டும் என்று தன் ராயல்டியில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்தவர் குழுவின் பாடகர் ஜெஃப் ட்வீடி. அந்த ஆல்பத்தை இன்னொரு முறை போட்டுப் பாருங்கள், பாப் மெட்டுகள் அதிலேயே ஆங்காங்கே தலைகாட்டுகின்றன. 1999-ல் வந்த 'சம்மர்டீத்'தில் ட்வீடியும் குழுவில் இன்னொருவரான ஜே பென்னட்டும் ஸ்டூடியோவிலேயே குடியிருந்த மாதிரி, கீபோர்டு, மெலோட்ரான், கோரஸ் குரல்கள் என்று ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றிக்கொண்டே போனார்கள், ஸ்டீல் கிதார் பின்னுக்குப் போய்விட்டது.

ஆனால் நீங்கள் வரிகளைக் கவனித்தீர்களா? இந்தக் குழு அதுவரை எழுதியதிலேயே இருட்டான வரிகள் இந்த ஆல்பத்தில்தான் இருக்கின்றன. 'ஷீ'ஸ் எ ஜார்' தாலாட்டு மாதிரி மெதுவாகப் போகும். நடுவில் ஓரிடத்தில், தன்னை நினைத்து ஏங்கவேண்டாம் என்று அவள் கெஞ்சுவதாக ஒரு வரி. அதே வரி கடைசியில் திரும்பி வரும்போது, தன்னை அடிக்கவேண்டாம் என்று கெஞ்சுகிறாள். மெட்டு கொஞ்சமும் மாறாது, அதே இனிமை. இதையே ஒரு சோகமான கன்ட்ரி பாட்டாகப் பாடியிருந்தால் நாம் முதலிலேயே மனதைத் தயார் செய்துகொண்டிருப்போம், இந்த அடி விழுந்தே இருக்காது. அதனால்தான் சொல்கிறேன், அந்தப் பாப் பூச்சு இல்லாவிட்டால் இந்த ஆல்பமே இல்லை.

வியாபாரத்துக்காக நடந்தது என்றால் ஒன்றே ஒன்று உண்டு. ஆல்பத்தை வெளியிட்ட ரிப்ரைஸ் நிறுவனம் கேட்டதால் 'கான்ட் ஸ்டாண்ட் இட்' பாட்டை ரேடியோவுக்காக மறுபடி மிக்ஸ் செய்தார்கள். அதுவும் பெரிய ஹிட் ஆகவில்லை.

கே: மெலோட்ரான் என்பது சிந்தசைசர்தானே?
- வாசகி, திருச்சி

ப: இல்லை. அதன் ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு ஒலிநாடா இருக்கும், அதில் நிஜமான புல்லாங்குழலோ வயலினோ பதிவாகியிருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுமார் 8 விநாடியில் தீர்ந்துவிடும், விட்டு மறுபடி அழுத்த வேண்டும். நாடா ஓடும்போது வரும் அந்த லேசான நடுக்கம்தான் அழகே. பீட்டில்ஸின் 'ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ்' தொடக்கத்தில் கேட்கிறதே புல்லாங்குழல், அது இந்தக் கருவிதான்.

கே: ஜே ஃபேரரின் சன் வோல்ட் குழுதான் அசல் ஆல்ட்-கன்ட்ரி (ராக் கலந்த கன்ட்ரி), வில்கோ துரோகம் செய்துவிட்டது என்கிறான் என் நண்பன். உங்கள் கட்சி எது?
- வாசகர், சென்னை

ப: சன் வோல்ட்டின் 'ட்ரேஸ்' (1995) எனக்கு உயிர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் துரோகம் என்பது ரொம்பப் பெரிய வார்த்தை சார். ஃபேரர், ட்வீடி இரண்டு பேருமே இலினாய் மாநிலத்தின் பெல்வில் ஊர்க்காரர்கள், அங்கிள் டுபெலோ குழுவில் பங்க் வேகத்தையும் பழைய கன்ட்ரி பாட்டையும் ஒன்றாகக் கலந்தவர்கள். 1994-ல் ஃபேரர் விலகினார், மற்றவர்களைச் சேர்த்துக்கொண்டு ட்வீடி வில்கோவைத் தொடங்கினார். ஒருவர் அதே பாதையில் ஆழமாகப் போனார், இன்னொருவர் வேறு பக்கம் திரும்பினார், அவ்வளவுதான். காசுதான் குறி என்றால் அடுத்து வந்த 'யாங்கி ஹோட்டல் ஃபாக்ஸ்ட்ராட்'டை அப்படி எடுத்திருப்பார்களா? அதை 2001-ல் ரிப்ரைஸ் வேண்டாம் என்று தள்ளிவிட, குழுவே இணையத்தில் இலவசமாகக் கேட்கக் கொடுத்தது. அப்புறம் 2002-ல் நான்சச் வெளியிட்டது, அதுவும் ரிப்ரைஸ் போலவே வார்னர் குடும்பத்து நிறுவனம்தான்!

நண்பருக்கு 'சம்மர்டீத்'தில் வரும் 'வியா சிகாகோ'விலிருந்து ஆரம்பித்துக் கொடுங்கள். வெறும் கிதாரும் குரலுமாக அவருக்குப் பிடித்த மாதிரியே தொடங்கும், சத்தங்கள் எல்லாம் போகப்போகத்தான் உள்ளே நுழையும்.