ஜப்பானில் மாட்டிறைச்சி இல்லாத பர்கர்

ஜப்பானுக்குப் போய் இரண்டு மாதமாகியும், மாட்டிறைச்சி சாப்பிடாததால் புதுப் பர்கர் எதையும் தொடப் பயம் என்கிறீர்கள். பயப்பட வேண்டாம். முதலில் மோஸ் பர்கர் என்ற ஜப்பானிய பர்கர் கடையில் ரைஸ் பர்கர் சாப்பிடுங்கள். 1987 முதல் விற்கிறார்கள், பன்னுக்குப் பதில் வட்டமாக அழுத்திய சோறு, நடுவில் கடலுணவைப் பொரித்து வைக்கும் வகையைக் கேளுங்கள், எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். அப்புறம் மெக்டொனால்ட்ஸில் இறால் பர்கர், பெயர் எபி பிலே-ஓ. அங்கே தெரியாகி (இனிப்பான சோயா சாஸ்) பர்கரில் இருப்பது பன்றி இறைச்சி. இலையுதிர் காலத்தில் வரும் முட்டை வைத்த சுகிமி பர்கரில் மாட்டிறைச்சி உண்டு, அதை விட்டுவிடுங்கள். ஒன்று முக்கியம்: அங்கே உருளைக்கிழங்கு வறுவலுக்கான எண்ணெயில் மாட்டுக் கொழுப்பு கலந்திருக்கும், அதே நிறுவனத்தின் இணையதளத்திலேயே போட்டிருக்கிறார்கள். சாஸிலும் மாட்டிறைச்சி சேர்ந்திருக்கலாம், அதனால் ஒவ்வாமைப் பட்டியலில் 'கியூனிகு' இருக்கிறதா என்று பாருங்கள், அதுதான் மாட்டிறைச்சி.