பள்ளிக்கூடமும் வானும்

வணக்கம் ஐயா,

உங்கள் எழுத்தைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நாங்கள் மானிப்பாய்ப் பக்கம். மகளுக்கு வருகிற மார்கழியில் ஐந்து வயது முடிகிறது, தையில் முதலாந்தரம். எங்கே சேர்ப்பது என்று வீட்டில் மூன்று கட்சி. யாழ்ப்பாண நகரில் உள்ள ஒரு பழைய தனியார் பாடசாலையின் ஆரம்பப் பிரிவில் சேர்க்க இவருக்கு விருப்பம். கனடாவில் இருக்கும் அண்ணா, சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலத்தில் படிக்க விடு, கட்டணத்தை நான் பார்க்கிறேன் என்கிறார். மாமியோ, வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பள்ளிக்கூடமே காணும் என்கிறா. அது அரசாங்கப் பள்ளிக்கூடம், ஐந்தாம் தரம் வரைதான். பிள்ளைகளும் குறைவு, சேர்க்கையும் அவ்வளவு நல்லதில்லை. இப்பவே ஆங்கிலம் பிடிக்காவிட்டால் பின்தங்கிப் போய்விடுவாளோ என்று பயமாக இருக்கிறது. நகரத்துக்கு வான் ஒழுங்கு செய்யலாம், காலை ஆறு பத்துக்கு வருமாம். எது நல்லது ஐயா?

ஒரு தாய்

*

அன்புள்ள பிள்ளைக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட கடைசி வரியில்தான் நான் நின்றுவிட்டேன். காலை ஆறு பத்துக்கு வான்.

எங்கள் ஒழுங்கைக்கும் ஒரு வான் வருகிறது. முன்வீட்டுப் பெடியன் இரண்டாந்தரம். ஹோர்ன் அடித்ததும் தாய் ஒரு கையில் தண்ணீர்ப் போத்தலும் மறுகையில் அவனுடைய ஒற்றைச் சப்பாத்துமாக ஓடி வருவா. அவன் வாயில் பாண். கடிக்கவும் மாட்டான், துப்பவும் மாட்டான், அப்படியே வைத்துக்கொண்டு ஏறுவான். உள்ளே இருக்கிற பிள்ளைகளில் பாதிப் பேர் கண்ணாடியில் நெற்றியை வைத்து நித்திரை. கதவை அந்தச் சத்தத்தோடு இழுத்து மூடினாலும் ஒருவரும் கண் திறப்பதில்லை. நான் பூப் பிடுங்கிக்கொண்டு நின்று இதைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் கடிதம் வந்தது நல்லதாய்ப் போயிற்று. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன்.

மானிப்பாயிலிருந்து யாழ்ப்பாணம் எட்டுக் கிலோமீற்றர் வரும். உங்கள் கணவர் மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடத்தில் போய்விடுவார். வான் அப்படிப் போகாது. சுதுமலையில் ஒரு வீடு, ஆனைக்கோட்டையில் இரண்டு வீடு, இடையில் ஒழுங்கைக்குள் புகுந்து பின்பக்கமாக வெளியே வரவேண்டிய ஒரு வீடு என்று ஊரைச் சுற்றித்தான் போகும். முதலில் ஏறுகிற பிள்ளை எல்லாருடைய படலையையும் பார்த்துத்தான் பள்ளிக்கூடம் போய்ச் சேரும். திரும்பி வரும்போதும் அதே கதை. சின்ன வகுப்புகள் முன்னரே முடிந்துவிடும்; வான் பெரிய பிள்ளைகளுக்காக நிற்கும். முதலாந்தரப் பிள்ளை அந்த வெயிலில் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாங்கில் இருக்கும். வீடு வந்து, குளித்து, சாப்பிட்டு, அதற்குப் பிறகு ரியூசன் வேறு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலுக்கு மூன்றாந்தரத்திலேயே ஓடத் தொடங்கிவிடுகிற ஊர் இது.

அந்தப் பிள்ளை எப்போது விளையாடும்? வான்காரரிடம் கேட்டீர்களா?

சரி, நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன். ஆங்கிலம். பயப்பட ஒன்றுமில்லை. அரசாங்கப் பாடத்திட்டத்திலும் முதலாந்தரத்திலேயே வாய்மொழியாக ஆங்கிலம் தொடங்குகிறது. மூன்றாந்தரத்தில் பாடமாக வருகிறது. ஆறாந்தரத்திலிருந்து சில பாடங்களை ஆங்கிலத்தில் படிக்கிற இருமொழி வகுப்புகள் பல அரசாங்கப் பாடசாலைகளில் உண்டு. வீட்டில் கதைக்கிற மொழியில் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு மற்ற மொழி வரும். இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

கணவர் சொல்வதும் அண்ணா சொல்வதும் அரசாங்கத்துக்கு வெளியே உள்ளவைதான், ஆனால் இரண்டும் வேறு விதமானவை. 1960இல் அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியபோது, சில பெரிய பாடசாலைகள் தனியாகவே நின்றுகொண்டன. யாழ்ப்பாணத்தில் பரியோவான், சுண்டிக்குளி, பத்திரிசியார், வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவில் மகளிர் கல்லூரி எல்லாம் அந்த வகை. 1961ஆம் ஆண்டுச் சட்டம், ஐந்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதைத் தடுத்துவிட்டது. பின்னால் வந்த சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனங்கள். ஆகவே அண்ணா சொல்வது ஒரு கம்பனியை, கணவர் சொல்வது ஒரு பழைய மிஷன் பாடசாலையை. இரண்டிலும் நல்ல ஆசிரியர்கள் இருக்கலாம், மோசமானவர்களும் இருக்கலாம். கட்டடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க ஏலாது.

இனிச் சேர்க்கை. பிள்ளை, உங்களோடு கோபிக்கத்தான் வேண்டும். சேர்க்கை நல்லதில்லை என்று நீங்கள் எழுதியது சாதியைத்தான்; யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த யாருக்கும் அந்த வரிக்கு விளக்கம் தேவையில்லை. 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக வாங்கில் இருக்க வேண்டும் என்று வந்தபோது பள்ளிக்கூடங்களுக்குத் தீ வைத்த ஊர் இது. இப்போது யாரும் தீ வைப்பதில்லை. வான் பிடித்து வேறு பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிடுகிறோம். உங்கள் மகள் அந்தப் பிள்ளைகளோடு ஒரே குழாயில் தண்ணீர் குடித்தால் அவளுக்கு என்ன வந்துவிடும்? நீங்கள் கெட்டவர் என்று சொல்லவில்லை. வாயில் பழகிப்போய் வந்திருக்கும். எழுதும்போதாவது கை நின்றிருக்க வேண்டும்.

பிள்ளைகள் குறைவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் குறைவு? உங்களைப் போல இருபது வீட்டார் வான் பிடித்ததால்தான். அந்தப் பள்ளிக்கூடம் உங்கள் வீட்டுக்குப் பின்னால் தானாக முளைக்கவில்லை. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் வந்து ஊர் ஊராகத் தமிழ்ப் பள்ளிக்கூடங்களைத் திறந்தார்கள். 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். 1923இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் உருவாகி, இந்து போர்ட் இராசரத்தினம் என்று இன்றும் ஊர் சொல்கிற மனிதர் கிராமம் கிராமமாகப் பள்ளிக்கூடம் நிறுவ அலைந்தார். அவர்களுக்குள் போட்டி, சண்டை, மதம் எல்லாம் இருந்தது; மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் எங்களுக்குக் கிடைத்த லாபம், சின்னக் கால்கள் நடந்து போகிற தூரத்தில் ஒரு பள்ளிக்கூடம். உலகத்தில் எத்தனையோ இடங்களில் அது இன்னும் இல்லை. எங்களுக்கு இருந்தும் அதைத் தாண்டிப் போகிறோம். சில இடங்களில் மூடியும் விட்டார்கள்.

அரசாங்கத்துக்கும் இது தெரியும். முதலாந்தர அனுமதியில் பாதி இடம் பாடசாலைக்குக் கிட்ட வசிப்பவர்களுக்கு. அதற்காக எங்கள் ஆட்கள் செய்வதைப் பார்த்தால் சிரிப்பு வரும். பேருக்கு ஒரு வாடகை ஒப்பந்தம், வாக்காளர் இடாப்பில் ஒரு பெயர், கரண்ட் பில் வேறு. கடதாசியில் பக்கத்து வீடு, பிள்ளை வருவது வானில்.

எனக்கு இந்தத் தூரப் பைத்தியம் பிடித்தது எப்போது என்றால், 1995 ஒக்ரோபர் 30 இரவு, போருக்குப் பயந்து எங்கள் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போன பிறகுதான். நாங்கள் மிருசுவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்தோம். அடுத்த தையில் என் மகளுக்கு அரிவரி, அதுதான் முதல் வகுப்பு. காலையில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கும் பின்னேரம் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்கும் வகுப்பு, இடம் போதாவிட்டால் மாமரத்துக்குக் கீழே. எந்தப் பள்ளிக்கூடம் திறம் என்று அந்த நேரம் யாரும் கேட்கவில்லை. செல் குண்டு விழுகிற சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வர எவ்வளவு நேரம் எடுக்கும் என்றுதான் கேட்டோம். நான் ஒருநாள் சும்மா ஓடியே பார்த்தேன். சனம் விசரன் என்று பார்த்தது.

அங்கே படிப்பித்த ரீச்சரும் இடம்பெயர்ந்தவதான். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தா. ஒருநாள் கிணற்றடியில் என் மனைவியைக் கண்டு, "பிள்ளை பலகையைப் பார்க்கும்போது ஒரு கண்ணைச் சுருக்கிறாள், வீட்டிலேயும் அப்படித்தானோ?" என்று கேட்டா. நாங்கள் கவனிக்கவே இல்லை. அந்த ஏப்ரலில் ஊர் திரும்பியதும் முதல் வேலையாகக் கண் காட்டினோம். மகள் இன்றைக்கும் தடித்த கண்ணாடிதான். அந்த ரீச்சர் பெற்றோர் கூட்டத்துக்கு நாள் குறித்து இதைச் சொல்லவில்லை, வாளியை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னா. எட்டுக் கிலோமீற்றருக்கு அப்பால் இருக்கிற ஆசிரியையும் கெட்டிக்காரியாக இருக்கலாம். அவ உங்களைக் கிணற்றடியில் காணமாட்டா.

இப்போது செல் இல்லை. காய்ச்சல் இருக்கிறது, முழங்கால் உடைகிறது, காற்சட்டை நனைகிறது. அதிபர் போன் எடுத்தால் ஐந்து நிமிடத்தில் யார் போவது? மாமி போவா. பின்வேலியால் போவா.

அண்ணாவிடம் ஒன்று கேளுங்கள், மரியாதையாகவே கேளுங்கள். அவருடைய பிள்ளைகள் அங்கே எந்தப் பள்ளிக்கூடம்? அரசாங்கப் பள்ளிக்கூடம் என்றால், பெரும்பாலும் வீட்டு விலாசத்தை வைத்து ஒதுக்கியதாகத்தான் இருக்கும். அங்கே அதைப் பெருமையாகச் சொல்வார்கள், இங்கே இருக்கிற மருமகளுக்கு மட்டும் வான்.

இவ்வளவு சொல்லியும் உங்கள் கணவர் நகரத்துப் பாடசாலைதான் என்று நின்றால், நான் குறுக்கே நிற்கமாட்டேன். அப்படியென்றால் பாடசாலைக்குக் கிட்ட வாடகைக்கு ஒரு வீடு பாருங்கள், உண்மையாகவே போய் இருங்கள். அண்ணாவின் காசு வாடகைக்குப் போகட்டும். கணவர் வேலைக்குத் தூரம் போய்வரட்டும், அவருக்கு ஐந்து வயது இல்லை.

அதற்கு முன் ஒருநாள் மகளையும் கூட்டிக்கொண்டு பின்னால் உள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்து போங்கள். இடைவேளை நேரமாகப் பார்த்துப் போங்கள். அதிபரின் அறைக்குள் இருந்துவிடாமல் முதலாந்தர ரீச்சரோடு கதையுங்கள். சின்னப் பிள்ளைகளின் மலசலகூடத்தில் தண்ணீர் வருகிறதா, கதவுக் கொண்டி அவர்கள் கைக்கு எட்டுகிறதா என்று வடிவாகப் பாருங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் அண்ணாவிடம் சொல்லி ஒரு தாங்கி வைப்பியுங்கள். அவர் கட்ட நினைத்த கட்டணத்தில் அதற்குக் காணும்.