கூடைப்பந்தில் உச்சத்தில் இருப்பவர்களை எடைபோட எது முக்கியம்: உடல்திறனா, நுட்பமா?

என் ஓட்டு நுட்பத்துக்குத்தான். ஆனால் இந்த விவாதத்தில் உடல்திறன் என்று எல்லோரும் சொல்வது எம்பிக் குதிப்பதையும் வேகமாக ஓடுவதையும் மட்டும்தான். குழப்பமே அங்கேதான்.

லூகா டோன்சிச்சை எடுத்துக்கொள்ளுங்கள். ஓட்டத்தில் அவரை முந்த அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் எத்தனையோ பேர் உண்டு. ஆனால் ஓடி வந்தவர் சட்டென்று நிற்பதில் அவருக்கு ஈடானவர்கள் குறைவு. கூடையை நோக்கிப் பாய்வதுபோல் தோளைச் சாய்ப்பார். எதிரே நிற்பவர் பதறிப் பின்வாங்குவார். அவருடைய எடை குதிகாலுக்குப் போன கணத்தில் லூகா நின்று, ஒரு எட்டு பின்னால் வைத்து, பந்தை விட்டிருப்பார். இதை நுட்பம் என்கிறோம், சரி. ஆனால் நூறு கிலோ உடம்பை ஒரே எட்டில் நிறுத்தத் தொடையிலும் கணுக்காலிலும் எவ்வளவு பலம் வேண்டும்! அதை ஏன் உடல்திறன் கணக்கில் சேர்ப்பதில்லை?

நிகோலா யோகிச்சும் அப்படித்தான். அணிகள் புது வீரர்களை ஒவ்வொருவராகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014-இல் 41-வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அப்புறம் சீசனின் சிறந்த வீரருக்கான எம்விபி விருது மூன்று முறை, 2023-இல் அவருடைய டென்வர் அணிக்கு முதல் கோப்பை. கூடையில் விழாமல் திரும்பி வரும் ரீபவுண்ட் பந்து கைக்கு வந்த வேகத்திலேயே மைதானத்தின் மறுமுனைக்கு பாஸ் போய்விடும். அந்தக் கையையும் கண்ணையும் அளக்க எந்தச் சோதனையும் இல்லை. குதிக்கும் உயரத்தை அளப்பது சுலபம், அதனால் அதையே அளந்துகொண்டிருக்கிறார்கள்.

நுட்பத்தின் பக்கம் நான் சாய்வதற்குப் பெரிய காரணம் வயது. பறந்து பறந்து பந்தைக் கூடைக்குள் திணித்து டங்க் அடித்த மைக்கேல் ஜோர்டன், 1995-இல் ஓய்விலிருந்து திரும்பி வந்தபிறகு கூடைக்கு முதுகைக் காட்டி நின்று, சட்டென்று திரும்பி, பின்னால் சாய்ந்தபடியே எறியும் ஷாட்டை அதிகம் நம்பி ஆடினார். 1996 முதல் 1998 வரை மூன்று கோப்பைகள். கரீம் அப்துல் ஜப்பார் கையைத் தலைக்கு மேலே வளைத்து எறியும் தன் ஸ்கைஹூக்கை வைத்துக்கொண்டு 41 வயதிலும் கோப்பை வென்ற அணியில் இருந்தார்.

டிஃபென்ஸ் என்று வந்துவிட்டால் மட்டும் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும். 2021 என்பிஏ இறுதித் தொடரின் நான்காவது ஆட்டம், மில்வாக்கிக்கும் ஃபீனிக்ஸுக்கும். பந்தோடு வந்த ஃபீனிக்ஸின் புக்கரை மறிக்க மில்வாக்கியின் யானிஸ் ஏறிப் போயிருந்தார். பந்து யானிஸின் தலைக்கு மேலாக புக்கரின் சகவீரர் ஏய்ட்டனுக்குப் போகிறது, டங்க் உறுதி என்றே தோன்றியது. யானிஸ் திரும்பி, எம்பி, கூடையருகே அதைத் தடுத்துவிட்டார். எவ்வளவு சாமர்த்தியம் இருந்தாலும் அந்த உடம்பு இல்லாமல் அது நடக்காது.

அதே யானிஸ், கோப்பைக்கான அந்த பிளேஆஃப் சுற்றுகள் முழுக்க, தடுப்பவர் இல்லாமல் கோட்டில் நின்று எறியும் ஃப்ரீ த்ரோவில் தடுமாறினார். அவர் எறிய நேரமெடுத்ததால் எதிரணி ரசிகர்கள் நொடிகளை உரக்க எண்ணிக் கேலி செய்தார்கள். கோப்பையை முடிவு செய்த ஆறாவது ஆட்டத்தில் 19-க்கு 17 போட்டார், மொத்தம் 50 புள்ளிகள். ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்பவருக்குக் குதிக்கும் உயரமா கைகொடுக்கும்?

சோதனைகளை நம்பியே ஆளை எடைபோடுபவர்களுக்கு ஒன்று: 2007 டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் கெவின் டுரன்ட்டால் 185 பவுண்டு எடையை பெஞ்ச் பிரஸ்ஸில் ஒருமுறைகூடத் தூக்க முடியவில்லை. பிறகு நான்கு சீசன்களில் என்பிஏவிலேயே சராசரிப் புள்ளிகளில் முதலிடம் அவருக்குத்தான்.