ஸ்டாக் செய்த ஸ்விட்ச்களில் ஒன்று செத்தால் ஆபீஸ் நெட்வொர்க் உண்மையிலேயே தாங்குமா?

உங்கள் கேள்வி இது: மூன்று சிஸ்கோ கேட்டலிஸ்ட் 3850 ஸ்விட்ச்களை ஸ்டாக் போட்டிருக்கிறீர்கள், அதாவது பின்பக்கக் கேபிளால் ஒன்றாகக் கோத்திருக்கிறீர்கள். சப்ளை செய்தவர் "ஒன்று போனாலும் ஓடும் சார், கவலையே வேண்டாம்" என்கிறார். அதை நம்பி தனி கோர் ஸ்விட்ச் (எல்லா ஸ்விட்ச்களும் சர்வர்களும் வந்து சேரும் மைய ஸ்விட்ச்) வாங்காமல் விடலாமா?

பாதி நம்பலாம்.

ஸ்டாக் போட்டதும் மூன்று பெட்டியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே ஸ்விட்ச். ஒரே ஐபி, ஒரே கான்ஃபிகரேஷன். ஒன்று ஆக்டிவ், இன்னொன்று ஸ்டாண்ட்பை, மூன்றாவது சும்மா மெம்பர். ஆக்டிவ் செத்தால் ஸ்டாண்ட்பை பொறுப்பேற்கும். மற்ற இரண்டு பெட்டிகளிலும் டிராஃபிக் பெரிதாகத் தடைபடாது. இதில் சப்ளையர் சொன்னது சரி. ஆனால் செத்த பெட்டியில் செருகியிருந்த 48 கம்ப்யூட்டர்களும் போனவைதான். ஒற்றைக் கேபிளில் தொங்குகிற எதையும் ஸ்டாக் காப்பாற்றாது. அதனால் கோருக்குப் போகும் அப்லிங்க்கை (மேலே போகும் இணைப்பை) ஒரு பெட்டியில் ஒன்று, வேறு பெட்டியில் ஒன்று எனப் பிரித்து எல்ஏசிபி ஈதர்சேனலாக, அதாவது பல கேபிள்களை ஒரே லிங்க்காகச் சேர்க்கும் முறையில், கட்டுங்கள். இரண்டு லிங்க்கையும் ஒரே பெட்டியில் செருகிவிட்டு "ரிடண்டன்சி (மாற்று வழி) இருக்கு" என்று சொல்லும் ரேக்குகள் நிறைய உண்டு. சர்வருக்கும் அதே விதி. வைஃபை ஏபிக்களை (சிக்னல் தரும் பெட்டிகளை) மட்டும் பெட்டி மாற்றி மாற்றிச் செருகினாலே, ஒரு பெட்டி போகும்போது மாடி முழுக்க சிக்னல் இல்லாமல் போகாது.

பின்பக்கக் கேபிளைப் போய்ப் பாருங்கள். 1-லிருந்து 2, 2-லிருந்து 3, 3-லிருந்து மறுபடி 1 என்று வளையம் மூடியிருக்க வேண்டும். மூடியிருந்தால் ஒரு கேபிள் கழன்றாலும் ஸ்டாக் உடையாது, வேகம் 480 ஜிகாபிட்டிலிருந்து பாதியாகும், அவ்வளவுதான். மேலிருந்து கீழே வரும் அந்தக் கடைசிக் கேபிளுக்கு 50 செ.மீ. எட்டவில்லை என்று போடாமலே விட்டுவிடுவது வழக்கமான கூத்து. 1 மீட்டர், 3 மீட்டர் கேபிளும் கிடைக்கிறது. நான்கைந்து பெட்டி இருந்தால் ஒன்றுவிட்டு ஒன்றாக இணைத்தால் சின்னக் கேபிளே போதும்.

வளையம் மூடாமல் நடுவில் அறுந்தால்தான் உண்மையான தலைவலி. ஸ்டாக் இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தான்தான் முழு ஸ்டாக் என்று நினைத்து அதே ஐபியோடு கிளம்பும். ஸ்விட்ச் செத்துக் கிடப்பதைவிட இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இன்னொன்று மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு பெட்டிக்கும் தயாரிக்கும்போதே தரப்படும் தனி அடையாள எண். ஸ்டாக் முழுவதும் ஆக்டிவ் பெட்டியின் மேக்கைத்தான் தன்னுடையதாகக் காட்டும். ஆக்டிவ் மாறும்போது அதுவும் மாறினால், கேட்வேயின் (கம்ப்யூட்டர்கள் வெளியே போகும் வாசலின்) மேக் மாறும், எல்ஏசிபியில் கட்டிய லிங்க்கும் ஒருமுறை விழுந்து எழும். பெட்டி ஒழுங்காகத்தான் மாறியது, பின் ஏன் எல்லோருக்கும் நெட் விட்டுப்போனது என்று தேடினால் பலமுறை காரணம் இதுதான். "ஷோ ஸ்விட்ச்" என்ற கட்டளையை அடித்தால் மேலேயே மேக் பெர்சிஸ்டன்சி (பழைய மேக்கை எவ்வளவு நேரம் வைத்திருக்கும்) என்றொரு வரி வரும். "இன்டெஃபினிட்" (காலவரையின்றி) என்றிருந்தால் நல்லது. அப்படி வைத்தபின் பழைய ஆக்டிவ் பெட்டியைக் கழற்றி அதே நெட்வொர்க்கில் வேறெங்கும் மாட்டாதீர்கள். ஒரே மேக் இரண்டு இடத்தில் வந்துவிடும்.

ஆக்டிவ் யார் என்பதையும் நீங்களே முடிவு செய்யுங்கள். பிரையாரிட்டி 1 முதல் 15 வரை, பெரிய எண்ணுக்கே முதலிடம். எதுவும் மாற்றாவிட்டால் எல்லாம் 1. அப்போது குறைந்த மேக் உள்ள பெட்டி ஜெயிக்கும், அது பெரும்பாலும் இருப்பதிலேயே பழசு! வேண்டிய பெட்டிக்கு 15, அடுத்ததற்கு 14 கொடுங்கள்.

இனி நம்பக்கூடாத பாதி. மூன்று வீட்டுக்கும் ஒரே அடுப்படி மாதிரிதான் ஸ்டாக். சாஃப்ட்வேரில் ஒரு பக், கான்ஃபிகில் ஒரு தப்பு வரி என்றால் மூன்றுக்கும் சேர்த்தே அடி. வழக்கமான அப்கிரேடில் மூன்றும் ஒன்றாகவே ரீலோட் ஆகும் (அணைந்து மறுபடி கிளம்பும்). மூன்றும் ஒரே யூபிஎஸ்ஸில் தொங்கினால் ஸ்டாக்பவர் கேபிளும் (பெட்டிகள் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் கேபிள்) உதவாது; அது ஒரு பவர் சப்ளை போனால் ஈடுகட்டத்தான். எனவே பயனர் மாடிக்கு ஸ்டாக் தாராளமாகப் போதும். சர்வர்கள் நிற்கும் கோருக்கு, தனித்தனியாக ரீலோட் செய்யக்கூடிய இரண்டு பெட்டிகளைக் கேளுங்கள். சிஸ்கோ நெக்ஸஸ் ஸ்விட்ச்களின் விபிசி (தனித்தனி இரண்டு பெட்டிகளுக்கு ஒரே லிங்க்காகக் கட்டும் முறை) போன்றவை அதற்குத்தான். பட்ஜெட் இல்லையென்றால், அப்கிரேடுக்கு இரவில் டவுன்டைம் வேண்டும் என்று நிர்வாகத்திடம் இப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு பெட்டி செத்து மாற்றும்போது அதே மாடல், அதே லைசன்ஸ், அதே சாஃப்ட்வேர் வெர்ஷனில் வாங்குங்கள். கான்ஃபிகரேஷனைத் திரும்ப அடிக்க வேண்டாம். செத்த பெட்டிக்கு ஸ்டாக்கில் இருந்த அதே மெம்பர் எண்ணைப் புதுப் பெட்டிக்கு முதலிலேயே கொடுத்திருந்தால் பழைய போர்ட் செட்டிங் தானாக வந்துவிடும். முதலில் ஸ்டாக் கேபிள், அப்புறம்தான் கரண்ட். ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அப்படியே கொண்டுபோய் ஸ்டாக்கில் இணைத்தால் இரண்டு ஆக்டிவ்களுக்குள் தேர்தல் நடக்கும், தோற்ற பக்கம் முழுக்க ரீலோட் ஆகும். தோற்பது உங்கள் பழைய ஸ்டாக்காகவும் இருக்கலாம்.