இத்தாலியில் எந்த சீஸை வாங்குவது?

கேள்வி: குடும்பத்துடன் இத்தாலிக்குச் சுற்றுலா செல்லவிருக்கிறோம். பீட்ஸாவில் இடும் சீஸைத் தவிர வேறு வகை எதையும் நாங்கள் உண்டதில்லை. அந்நாட்டின் பாரம்பரிய வகைகளில் எவற்றை வாங்கிச் சுவைக்கலாம்? என் மனைவி முட்டையும் உண்ணாத சைவர்.

பதில்: உங்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது பார்மிஜானோ ரெஜ்ஜானோ. பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மொதேனா மாவட்டங்களிலும் பொலோன்யா, மாந்துவா மாவட்டங்களின் சில பகுதிகளிலும் மட்டுமே, காய்ச்சாத பசும்பாலை உறையவைத்துச் செய்யப்படும் இது, குறைந்தது 12 மாதம் முதிர்ந்த பிறகே அந்தப் பெயரில் விற்பனைக்கு வருகிறது. சுமார் 40 கிலோ எடையுள்ள, சக்கர வடிவிலான ஒரு முழுக் கட்டிக்கு 500 லிட்டருக்கும் மேற்பட்ட பால் செலவாகிறது என்பதால், விலையைக் கண்டு தயங்க வேண்டாம். 24 மாதம் முதிர்ந்ததைக் கேளுங்கள். அதில் தென்படும் வெள்ளைப் புள்ளிகளைப் பூஞ்சை என்று எண்ணிப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். அவை முதிர்ச்சியின்போது உருவாகும் டைரோசின் என்ற அமினோ அமிலத்தின் படிகங்கள், பல்லில் மெல்லிய நறநறப்பாகத் தெரியும். துருவிய பொட்டலத்தைத் தவிர்த்து, ஓரத்தோலுடன் வெட்டிய துண்டையே வாங்குங்கள். சக்கரத்தைச் சுற்றிலும் புள்ளி எழுத்துகளில் பெயர் பதிக்கப்பட்டிருப்பதால், துண்டின் தோலிலும் அதன் ஒரு பகுதி தெரியும். தோலில் இணைகோடுகள் கீறப்பட்டிருந்தால் அது இரண்டாம் தரம்.

நேப்பிள்ஸ் பக்கம் போனால் எருமைப்பாலில் செய்யும் மொஸரெல்லா தி புஃபாலா கம்பானாவை அன்றன்றைக்கு வாங்கி, அது மிதந்துவரும் நீருடனேயே வைத்திருந்து, குளிர் தணிந்த பின் உண்ணுங்கள். நல்லதை வெட்டினால் பால்போன்ற நீர் கசியும். ஃபியோர் தி லாத்தே என்பது பசும்பாலில் ஆனது, அதற்கு எருமைப்பால் விலை கொடுக்க வேண்டாம். நீலப் பூஞ்சை படர்ந்த சீஸான கோர்கொன்ஸோலாவில் மென்மையான தோல்சே வகையிலிருந்து தொடங்குங்கள். செம்மறியாட்டுப் பாலில் செய்யும் பெக்கொரீனோ ரொமானோ உப்பு மிகுந்தது, துருவிப் போடவே ஏற்றது.

கடைகளில் சில சமயம் கிலோவுக்கு அன்றி எத்தோவுக்கு, அதாவது 100 கிராமுக்கு, விலை எழுதியிருப்பார்கள். அதைக் கவனித்து, ஒவ்வொன்றிலும் ஓர் எத்தோ மட்டும் கேளுங்கள்.

உங்கள் மனைவியைப் பொறுத்தவரை, மேலே சொன்ன பாரம்பரிய வகைகள் எவையும் ஏற்றவையல்ல என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவற்றில் பாலை உறையவைப்பது கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் என்ற நொதிப்பொருள். பார்மிஜானோவைப் போலத் தோன்றும் கிரானா பதானோவிலோ, அத்துடன் முட்டையிலிருந்து எடுத்த லைசோசைமும் பெரும்பாலும் சேர்கிறது. ரிக்கோத்தா என்ற மென்சீஸ், பால் உறைந்தபின் வடியும் தெளிநீரில் செய்யப்படுவதென்றாலும், அந்த நீர் வழக்கமாக ரென்னெட் இட்ட பாலிலிருந்து வடிந்ததே. உறையில் 'காலியோ வெஜெதாலே' (தாவர ரென்னெட்) அல்லது 'காலியோ மிக்ரோபிகோ' (நுண்ணுயிர் ரென்னெட்) என்று எழுதிய சீஸ்களை அவருக்கு வாங்கலாம். பாலேட்டை அமிலத்தால் திரட்டிச் செய்யும் மஸ்கர்போனேயும் பொருந்தும். ஆனால் தனியாக வாங்குங்கள், அதைக்கொண்டு செய்யும் திராமிசு இனிப்பில் வழக்கமாக முட்டை உண்டு.